அந்தப் பெட்டியை குஜிரிக்குப் போட மாட்டேன்

ஆல்வினுக்கு, மம்மி எழுதுறது.

போன ஞாயித்துக்கிழமை நம்ம கோயில்ல உனக்கும் பியூலாவுக்கும் முதல் கல்யாண ஓலை வாசிச்சாங்க. உன் பேரு, அவ பேரு, ரெண்டு வீட்டு அப்பாமார் பேரு எல்லாத்தையும் பாஸ்டர் நிறுத்தி நிதானமா படிச்சாரு. இந்தக் கல்யாணத்துக்கு யாருக்காவது ஆட்சேபணை இருந்தா தெரிவிக்கலாம்னு சொல்லிட்டு, கண்ணாடிக்கு மேலாப்புல சபையை ஒரு பார்வை பாத்தாரு. நான் கொயர்ல, ஆல்ட்டோ வரிசையில, வெள்ளை அங்கியோட உக்காந்திருந்தேன். எனக்கு ஒரு ஆட்சேபணை இருந்துச்சு. பொண்ணு மேல இல்ல, அவ தங்கம். உன் மேலதான். அங்க எந்திரிச்சு சொல்லியிருந்தா உங்க டாடி பெஞ்சுலயே மயங்கி விழுந்திருப்பாரு. அதனால வாயை மூடிக்கிட்டு வீட்டுக்கு வந்தேன். இப்ப சாப்பாட்டு மேஜையில உக்காந்து எழுதுறேன். போன்ல சொன்னா "சரி மம்மி, சரி மம்மி, மீட்டிங் இருக்கு"ன்னு வெச்சிடுவ. எழுதிட்டா நீ எத்தனை மீட்டிங் முடிச்சிட்டு வந்தாலும் அது அங்கயே கிடக்கும். கல்யாணத்துக்கு நிக்கிற வேற எந்தப் பையன் கையில இது கிடைச்சாலும் படிக்கட்டும், எனக்கு ஒண்ணும் வெக்கம் இல்ல.

விஷயத்துக்கு வர்றேன். ஓலை வாசிக்கிறதுக்கு முந்தின வாரம் நீ புனேலேர்ந்து ஒரு மெசேஜ் அனுப்பின. "மம்மி, என் ரூம்ல பீரோ மேல இருக்கிற அட்டைப்பெட்டிய குஜிரிக்குப் போட்டுடு. கிட்டாரை சர்ச் பசங்க யாருக்காவது குடுத்துடு. கல்யாணத்துக்குள்ள ரூம் க்ளீனா இருக்கணும்." கூடவே கும்பிடுற கை படம் ஒண்ணு. பழைய பேப்பரையும் ஓட்டை பக்கெட்டையும் எடைக்கு எடுக்கிற குஜிரிக்காரர் கையில, காலேஜ் காலத்துலேர்ந்து நீ பொத்திப் பொத்தி வெச்சிருந்த சிடி எல்லாத்தையும் நான் தூக்கிக் குடுக்கணுமாம். பெட்டிய இறக்கி, தூசி தட்டி, ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்தேன். கருப்பு டீ-ஷர்ட், சுருட்டி வெச்ச போஸ்டர், டப்பா உடைஞ்சு ரப்பர் பேண்ட் போட்ட சிடி. "பாக்கலாம்"னு உனக்கு பதில் போட்டேன். நான் "பாக்கலாம்"னா அது நடக்காதுன்னு இத்தனை வருஷத்துல உனக்குத் தெரிஞ்சிருக்கணும். இருந்தாலும் தெளிவா சொல்லிடறேன். முடியாது. அந்தப் பெட்டி குஜிரிக்குப் போகாது.

நீ ஏன் இப்படி எழுதினேன்னு எனக்குத் தெரியாதுன்னு நினைச்சிக்காதே. பியூலா வீட்டுக்காரங்க ஹெப்பகோடிலேர்ந்து நம்ம வீடு பாக்க வந்த அன்னிக்கு, காபி தட்டோட உன் ரூம் வாசல்லதான் நின்னேன். அவங்கப்பா ஒவ்வொரு ரூமா எட்டிப் பாத்துக்கிட்டு வந்தாரு. சம்பந்தம் பேச வந்தவங்க பாக்கத்தான் செய்வாங்க, பாத்ரூம்ல குழாயைக் கூட திறந்து பாத்தாரு, அது தப்பே இல்ல. உன் சுவத்துல, நீ உசிரா கேக்குற அந்த ஐரோப்பா மெட்டல் பாண்டோட ஆல்பம் படம் பெருசா மாட்டியிருந்துச்சு. பனி மலை, கோட்டை, மின்னல், நடுவுல ரெக்கைய விரிச்சுக்கிட்டு ஒரு மிருகம். அவரு அதுக்கு முன்னாடி நின்னு, "தம்பி, இது பைபிள்ல சாத்தானா வர்ற வலுசர்ப்பம் மாதிரி இருக்கே?"ன்னாரு. அவங்க போற சபை கொஞ்சம் கண்டிப்பான சபைன்னு நமக்கு முன்னாடியே சொல்லியிருந்தாங்க. உன் முகம் வெளுத்துப் போச்சு. "அது என்னுது இல்ல அங்கிள், ஃப்ரெண்டு ஒருத்தன் மாட்டிட்டுப் போனது. நான் இதெல்லாம் கேக்குறதே இல்ல"ன்ன. அடப்பாவி! காபி தட்டை மேஜையில வெச்சிட்டு, பிஸ்கட் எடுக்குற சாக்குல நான் உள்ள போயிட்டேன். அவங்க கார் தெருவைத் தாண்டுறதுக்குள்ள நீ ஸ்டூல் போட்டு ஏறி அந்தப் படத்தைக் கழட்டிட்ட. நானும் டாடியும் ஒண்ணும் கேக்கல. கேட்டிருந்தா நீ அழுதிருப்ப போல இருந்துச்சு.

நான் ஃபாக்டரி டெலிபோன் போர்டுல முப்பது வருஷம் உக்காந்தவ. ஆளைப் பாக்காம குரலை மட்டும் வெச்சு பிழைச்சவ. "சார் சீட்டுல இல்ல"ன்னு ஒருத்தர் சொன்னா, சார் பக்கத்துலயே உக்காந்து டீ குடிக்கிறாரா இல்லையான்னு எனக்குத் தெரிஞ்சிடும். உன் குரல்ல அப்படி ஒரு பொய்யை நான் அதுக்கு முன்னாடி கேட்டதில்ல. பரீட்சையில கோட்டை விட்டப்ப கூட நேரா வந்து "மம்மி, ஊத்திக்கிச்சு"ன்னு சொன்ன பிள்ளை நீ. அதனாலதான் எனக்கு இவ்ளோ கோபம்.

"உனக்கு அந்தப் பாட்டைப் பத்தி என்ன தெரியும்"னு நீ கேக்கலாம். கேளு, சொல்றேன். நீ புனே போனப்ப காரை எங்கிட்ட விட்டுட்டுப் போன. அந்த ஆல்பத்தோட சிடி ப்ளேயருக்குள்ள மாட்டிக்கிட்டு வெளிய வராம கிடந்துச்சு. அந்த சமயம்தான் டாடிக்கு முட்டி ஆபரேஷன் ஆச்சு. நம்ம ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டு மாடிப்படி ஏற முடியாம, பொம்மனஹள்ளில உங்க சித்தி வீட்டுல கீழ்த்தளத்துல படுத்துக் கிடந்தாரு. சித்தி சமையல் அவருக்கு ஆகாது, உனக்குத் தெரியும். தினமும் சாப்பாடு கட்டிக்கிட்டு அவ்ளோ தூரம் ஓட்டிக்கிட்டுப் போனேன். சில்க் போர்டு சிக்னல்ல நிக்கிற நேரத்துக்கு ஒரு முழு ஆராதனையே நடத்தி முடிச்சிடலாம். ரேடியோவுல விளம்பரமா கேட்டுக் கேட்டு பேஜாராகி, ஒரு நாள் உன் சிடிய அமுக்கினேன்.

முதல்ல பாட்டே வரல. வயலின் கூட்டமா வந்துச்சு, கூடவே டிங் டிங்னு ஹார்ப்சிகார்ட்ங்கிற அந்தக் காலத்துப் பியானோ, அதுக்கு மேல நாலு குரல்ல கொயர். பரவாயில்லையே, நம்ம கட்சி ஆளுங்களா இருக்காங்களேன்னு நினைச்சு சீட்டுல நல்லா சாஞ்சிக்கிட்டேன். சாஞ்சதுதான் தாமதம், டமடமடமன்னு டிரம்ஸ் விழுந்துச்சு பாரு, "கர்த்தாவே!"ன்னு கத்தி பிரேக்கை மிதிச்சிட்டேன். பின்னாடி வந்த பைக்காரர் என் பக்கம் வந்து கன்னடத்துல நல்லா வாங்கு வாங்குன்னு வாங்கிட்டுப் போனாரு. சத்தத்தைக் குறைச்சேனே தவிர நிறுத்தல. ஏன்னா அந்த இடிக்கு அடியில, கொஞ்ச முன்னாடி வயலின் வாசிச்ச அதே மெட்டு ஓடிக்கிட்டு இருந்துச்சு. இப்ப அதை கிட்டார்காரன் வாங்கிக்கிட்டான். அவன் ஒரு வரி வாசிச்சா கீபோர்டுகாரன் அதையே கொஞ்சம் மாத்தி திருப்பிக் குடுக்குறான், இவன் அதுக்கும் மேல ஒரு படி போறான். எங்க கொயர்ல மேல் குரல் சோப்ரானோ ஒரு வரிய ஆரம்பிக்க, கீழ்க் குரல் ஆல்ட்டோ பின்னாடியே துரத்திக்கிட்டுப் போற பாட்டுங்க இருக்கு இல்ல, அதே வேலைதான். என்ன, இவங்க அதை ஓடற ரயில்ல ஏறி நின்னு பண்றாங்க.

அடுத்த நாளும் போட்டேன். அதுக்கடுத்த நாள் டாடி சாப்பாட்டு டப்பாவை முன் சீட்டுல வெச்சு பெல்ட் போட்டுட்டு, நானே எதிர்பாத்துக்கிட்டு போட்டேன். மூணாவது பாட்டு என்னை சுத்தமா கவுத்திடுச்சு. அது நம்ம கீரவாணி ராகம்தான்டா! எங்க கொயர்ல டோ-ரே-மின்னு பாடிப் பழகுற சோல்ஃபாவுல சொன்னா, மைனர்ல போய்க்கிட்டு இருக்கும்போது 'ஸோ'வை மட்டும் அரை சுரம் ஏத்திப் பாடுவோமே, அந்த இடம். அங்க வந்து நின்னா நெஞ்சை யாரோ பிடிச்சு இழுக்குற மாதிரி இருக்கும், வீட்டுக்கு வந்து 'லா'வுல உக்காந்தாத்தான் மூச்சு வரும். பெரிய வெள்ளிக்கிழமை கீர்த்தனையில அந்த இடத்துல நாங்க அழுதுக்கிட்டே பாடுவோம். இந்தப் பசங்க அதே துக்க சுரத்தை எடுத்து, குதிரையில ஏத்தி, சிரிச்சுக்கிட்டே ஓட்டுறாங்க. துக்கம் போகல, அப்படியே இருக்கு. ஆனா அது உக்காந்து அழற துக்கம் இல்ல, எந்திரிச்சு நடக்குற துக்கம். டாடி வலியில முனகிக்கிட்டுக் கிடந்த அந்த ஒரு மாசம் எனக்கு அதுதான் தேவைப்பட்டுச்சு. ஜெபமும் பண்ணேன், இதையும் கேட்டேன். ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தடுக்கல.

அந்தப் பாட்டுக்காரன் இருக்கானே, ஐயோ அப்பா. எங்க டெனர் வரிசையில இருக்கிற ஆம்பளைங்க ஈஸ்டர் அன்னிக்கு மேல் சுரம் ஒண்ணு வந்துட்டா கூரையைப் பாத்து வாயை மட்டும் அசைப்பாங்க. இவன் அந்த சுரத்துலேர்ந்துதான் பேச்சையே ஆரம்பிக்கிறான். வார்த்தைங்களைப் பத்தி மட்டும் என்னைக் கேக்காதே. எல்லாப் பாட்டுலயும் ஒரு ராஜா, ஒரு வாள், பனி, விதி, நட்சத்திரம். ஒரே வரியில நெருப்பும் எரியுது, பனியும் கொட்டுது, எப்படி ரெண்டும் சேந்து நடக்கும்னு யாரும் கேக்குறது இல்ல. இங்கிலீஷும் அவனுக்குத் தாய்மொழி இல்ல, கேட்டாலே தெரியுது. ஆனா ஒரு இடத்துல கூட அவன் கூச்சப்பட்டு குரலைக் குறைக்கல. "நான் சும்மா தமாஷுக்குப் பாடறேன், சீரியஸா எடுத்துக்காதீங்க"ங்கிற அந்த நெளிசல் இல்ல. கடைசியில சுருதிய அரைப் படி ஏத்தி இன்னொரு வாட்டி பல்லவிய எடுக்குறான் பாரு, கழுத்து நரம்பு புடைக்கிறது எனக்கு இங்கேர்ந்தே தெரியுது. எதையாவது பிடிச்சிருந்தா பாதி மனசோட பிடிச்ச மாதிரி காட்டிக்கிறதுதான் இப்ப மரியாதையாப் போச்சு. யாராவது சிரிச்சா உடனே கழண்டுக்கலாம் பாரு. இவங்களுக்கு அந்தப் பின்வாசலே கிடையாது. மொத்தக் கடையையும் குத்தகைக்கு எடுத்த மாதிரி கருப்பு சட்டையும் நீள முடியும் வெச்சுக்கிட்டு, முழு மனசோட நின்னு பாடுறாங்க. அதுதான்டா அந்த ஆல்பத்துல என்னைக் கட்டிப் போட்டது. உன்னையும் அதுதான் கட்டிப் போட்டிருக்கும்.

ஒரு நாள் சிக்னல்ல கண்ணாடிய இறக்கியிருந்தேன். பக்கத்துல நின்ன ஆட்டோக்காரர் தலைய வெளிய நீட்டி, "யாவ சினிமா அம்மா இது?"ன்னு கேட்டாரு. ஏதோ சண்டைப் படத்துப் பாட்டுன்னு நினைச்சுட்டாரு போல. சினிமா இல்லப்பா, "நன்ன மகந்து"ன்னேன், என் பையனோடதுன்னு. அவரு என்னை மேலயும் கீழயும் பாத்தாரு, வெள்ளை முடி, காட்டன் புடவை, முன் சீட்டுல பெல்ட் போட்ட டிபன் கேரியர். "சன்னாகிதே"ன்னாரு, நல்லாயிருக்குன்னு. முன்னப் பின்ன தெரியாத ஒரு மனுஷன்கிட்ட நடுரோட்டுல என்னால இவ்ளோ சுலபமா சொல்ல முடிஞ்சுச்சு. நீ உனக்கு மாமனாரா வரப்போறவர்கிட்ட சொல்ல மாட்டேன்னுட்ட.

உனக்கு நியாபகம் இருக்கோ இல்லையோ, எனக்கு இருக்கு. நீ இன்ஜினியரிங் ரெண்டாவது வருஷம் படிக்கும்போது அந்த மூணாவது பாட்டோட கிட்டார் வரிய வாசிக்கப் பழகின. அப்ப அது எந்தப் பாட்டுன்னு எனக்குத் தெரியாது. கதவுக்கு அந்தப் பக்கம் நீ ஒரே ஒரு வரிய ஆமை வேகத்துல வாசிப்ப. தப்பு வந்தா நிறுத்துவ, முதல்லேர்ந்து எடுப்ப. மழைக்காலம் ஆரம்பிச்சு, முடிஞ்சு, கிறிஸ்மஸ் கேரல்ஸுக்கு நாங்க ரிகர்சல் ஆரம்பிச்சுட்டோம், நீ அந்த வரியிலயே இருந்த. "என்னடா, பல் தேய்க்கிற மாதிரி அதையே தேய்ச்சுக்கிட்டு இருக்க"ன்னு நான் கத்தினேன். ஒரு நாள் மத்தியானம் அது ஓட்டமா வந்துடுச்சு. முழுசா, தடுக்காம. நான் அரிசி களைஞ்சுக்கிட்டு இருந்தேன், கை நின்னு போச்சு. நீ வெளிய வந்து, ஒண்ணுமே நடக்காத மாதிரி ஃப்ரிட்ஜைத் திறந்து தண்ணி குடிச்ச. உன் காது ரெண்டும் செவந்திருந்துச்சு. உட்காந்த இடத்துல உட்காந்து ஒரு வேலைய முடிக்கிற பழக்கம் உனக்கு எந்த வாத்தியாரும் சொல்லிக் குடுத்து வரல. அந்த ஐரோப்பாக்காரங்க ஐஞ்சு பேரு குடுத்தது. அவங்களைப் போய் "ஃப்ரெண்டு மாட்டிட்டுப் போனது"ன்னு சொன்னா எப்படி?

உங்க டாடி கதை ஒண்ணு சொல்றேன், அவரு பக்கத்துலதான் உக்காந்திருக்காரு, சொல்லிக்கோன்னு தலையாட்டிட்டாரு. எங்களுக்குப் பேச்சு நடந்தப்ப எங்கப்பா அவரைப் பாத்து, "மாப்பிள்ளைக்கு விளையாட்டு கிளையாட்டு உண்டா?"ன்னு கேட்டாரு. உங்க டாடி கன்டோன்மென்ட்டுல பொறந்து வளந்த ஆளு, ஃபுட்பால்தான் உசிரு, ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சா நேரா மைதானம். இவரு என்ன சொன்னாரு தெரியுமா? "அதெல்லாம் சின்ன வயசுல மாமா, விட்டாச்சு." சொன்னதோட நிக்காம நிஜமாவே விட்டுட்டாரு. பூட்ஸைத் தூக்கி யாருக்கோ குடுத்துட்டாரு. எனக்கு ஒண்ணும் தெரியாது. கல்யாணம் ஆன புதுசுல ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வந்தா மனுஷன் எரிஞ்சு எரிஞ்சு விழுவாரு. குழம்புல உப்பு, சட்டையில இஸ்திரி, எல்லாத்துலயும் குத்தம். என் சமையல்ல என்னமோ குறைன்னு நான் மறைவா அழுதிருக்கேன். நீ பொறந்ததுக்கு அப்புறம் ஒரு நாள், பால் வாங்கிட்டு வர்றேன்னு போனவரு வரவே இல்ல. உன்னை இடுப்புல வெச்சுக்கிட்டு தேடிக்கிட்டுப் போனா, மைதானத்துக் கம்பி வேலிய ஒரு கையில பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையில பால் பாக்கெட்டோட, யாரோ ஒரு சின்னப் பையனைப் பாத்து "பாஸ் குடுடா, பாஸ் குடு!"ன்னு தொண்டை கிழியக் கத்திக்கிட்டு இருக்காரு. அப்படி ஒரு முகத்தை நான் அதுவரைக்கும் வீட்டுல பாத்ததில்ல. எனக்கு சிரிப்பு வரல, ஆத்திரம்தான் வந்துச்சு. இந்த மனுஷன் இத்தனை வருஷமா எங்க இருந்தாருன்னு. எங்கப்பா கேட்டது மாப்பிள்ளைக்குக் குடி, சீட்டு உண்டான்னு தெரிஞ்சுக்கத்தான். ஃபுட்பால்னு சொல்லியிருந்தா அவரே கூடப் போயிருப்பாரு, அவரும் அதே பைத்தியம்தான்.

நம்ம ஆளுங்ககிட்ட இது ஒரு வியாதி. பொண்ணு வீட்டுக்காரங்க எதைக் கேட்டாலும் அதை வேண்டாம்னு சொல்றதா எடுத்துக்குவோம். "வீடு மேற்கு பாத்ததா?"ன்னு கேட்டா வாசலையே இடிச்சுடுவோம். அவங்க தெரிஞ்சுக்கத்தானே கேக்குறாங்க? யாரு, என்ன, எப்படிப்பட்டவன்னு தெரியாம எப்படி பொண்ணைக் குடுப்பாங்க? நாம என்னடான்னா பிடிச்சதை எல்லாம் மறைச்சு, பெருக்கித் துடைச்சு, ஒண்ணுமே இல்லாத ஒருத்தனைக் கொண்டுபோய் அவங்க முன்னாடி நிறுத்துறோம். அந்த ஒண்ணுமே இல்லாதவனோட அந்தப் பொண்ணு எப்படிடா காலம் பூரா குடித்தனம் பண்ணும்?

அதனால நான் என்ன பண்ணேன்னு இப்ப சொல்றேன். உக்காந்துக்கோ. நேத்து காலையில பெட்டியையும் கிட்டாரையும் கார்ல ஏத்தி ஹெப்பகோடிக்குப் போனேன். சொல்லாமத்தான் போனேன், சொல்லியிருந்தா பிரியாணி பண்ணி வெச்சு பேச்சை மாத்தியிருப்பாங்க. பியூலாவுக்கு ஆஸ்பத்திரி லேப்ல அன்னிக்கு மத்தியான டியூட்டி, வீட்டுலதான் இருந்தா. அவங்கப்பா நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்து, லுங்கியோட பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தாரு. "ஸ்தோத்திரம் சிஸ்டர், என்ன திடீர்னு?"ன்னு பதறி எந்திரிச்சாரு. நான் சுத்தி வளைக்கல. போஸ்டரை எடுத்து அவங்க ஹால் கட்டில் மேல விரிச்சேன். "அண்ணே, இது என் பையனோடது. அன்னிக்கு அவன் உங்ககிட்ட ஃப்ரெண்டோடதுன்னு சொன்னான். அது பொய்"ன்னேன்.

அவரு கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் படத்தையே பாத்தாரு. அப்புறம் விரலை வெச்சு, "சிஸ்டர், கீழ ஒருத்தன் ஈட்டியால இதைக் குத்துறான் பாருங்க, அன்னிக்கு நான் கவனிக்கல. அப்ப நல்ல படம்தானே?"ன்னாரு. எனக்கு உயிர் வந்துச்சு. "நான் சும்மா என்னன்னுதான் கேட்டேன். பாட்டு எனக்கு வேண்டாம், என் காதுக்கு ஃபாக்டரி மெஷின் சத்தமே போதும். தம்பி கேட்டா கேட்டுட்டுப் போறாரு"ன்னாரு. சொல்லிட்டு படத்தை அவரே சுருட்டினாரு. ரப்பர் பேண்ட் போட்டாரு. அப்புறம்தான் வந்துச்சு வார்த்தை. "ஆனா சிஸ்டர், பொய்ன்னீங்களே. அதுதான் எனக்கு இடிக்குது. இவ்ளோ சின்ன விஷயத்துக்கு என் மூஞ்சிய நேரா பாத்து பொய் சொன்னா, நாளைக்குப் பெரிய விஷயம் வந்தா என் பொண்ணுகிட்ட என்ன சொல்வாரு?" ஆல்வின், நானும் அதையேதான் கேட்டுக்கிட்டு இருந்தேன். "வர்ற ஞாயித்துக்கிழமை ரெண்டாம் ஓலைக்கு முன்னாடி தம்பி எங்கிட்ட ஒரு வார்த்தை பேசட்டும் சிஸ்டர். பேசலைன்னா இதை நிறுத்தி வெச்சு யோசிப்போம்"னு சொல்லிட்டு உள்ள போயிட்டாரு. கோபமா சொல்லல. மெதுவாத்தான் சொன்னாரு.

பியூலா என்னை வழியனுப்ப கார் வரைக்கும் வந்தா. முகம் சின்னதாப் போயிருந்துச்சு. "ஆன்ட்டி, அவர்கிட்ட என்ன பிடிக்கும்னு எப்ப கேட்டாலும் 'உனக்கு எது ஓகேயோ எனக்கும் ஓகே'ன்னுதான் சொல்வாரு. சாப்பாடு, படம், கல்யாணப் புடவை கலரு, எல்லாத்துக்கும் அதே பதில். எதுவுமே பிடிக்காத ஒருத்தரைக் கட்டிக்கப் போறேனேன்னு எனக்கு உள்ளுக்குள்ள பயமா இருந்துச்சு. யார்கிட்டயும் சொல்லல"ன்னா. நான் கார் கதவைத் திறந்து, உக்காரும்மான்னு சொல்லி, அந்த ஆல்பத்தைப் போட்டேன். டிரம்ஸ் விழுந்தப்ப அவளும் என்னை மாதிரியே தூக்கிவாரிப் போட்டு டேஷ்போர்டைப் பிடிச்சுக்கிட்டா. மூணாவது பாட்டு வரைக்கும் பொறுமையா கேட்டா. "இதை வாசிக்கத்தான் அவன் ஒரு மழைக்காலம் பூரா கதவை சாத்திக்கிட்டு உக்காந்திருந்தான்"னு சொன்னேன். காது செவந்ததையும் சொன்னேன். அவ கண்ணைத் துடைச்சுக்கிட்டு சிரிச்சா. "பாட்டு எனக்குப் பிடிக்கல ஆன்ட்டி, தலை வலிக்குது. ஆனா இதை உக்காந்து வாசிச்ச ஆளை எனக்குப் பாக்கணும். அவரை நான் இன்னும் பாக்கவே இல்லையே"ன்னா. அந்த வார்த்தை எனக்கு சுருக்னு தச்சுது. நிச்சயம் பண்ணி மோதிரம் மாத்தி இத்தனை நாளாச்சு.

பெட்டி இப்ப அவகிட்ட இருக்கு. நான் குடுக்கல, அவளே டிக்கியத் திறந்து எடுத்துக்கிட்டா. கிட்டாரையும் சேத்துத்தான். திரும்ப என்கிட்ட குடுக்க மாட்டாளாம், நீ அனுப்புற ஆள்கிட்டயும் குடுக்க மாட்டாளாம். உடைமைக்காரரே வந்து கேக்கட்டும்னுட்டா. நல்லா வேணும் உனக்கு. நான் இந்த விஷயத்துல அவ கட்சி, டாடியும் அவ கட்சி.

இதை டாடி இப்பவே போட்டோ எடுத்து உன் போனுக்கு அனுப்புவாரு. முழுசா படிச்சு முடி. மம்மி என் மானத்தை வாங்கிட்டான்னு கத்தணும்னா என்கிட்ட அப்புறமா கத்திக்கோ, வாங்கிக்கிறேன். முதல்ல பியூலாவோட அப்பாவைக் கூப்பிடு. மீட்டிங் இருந்தா விட்டுட்டு வெளிய வா. சுத்தி வளைக்காதே, ஃப்ரெண்டு, மறதி, டென்ஷன்னு கதை எதுவும் கட்டாதே. "அங்கிள், அது என்னுதுதான், உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன், பயமா இருந்துச்சு"ன்னு சொல்லு. அதுக்கு மேல அவரு என்ன கேட்டாலும், அந்தப் பாட்டுக்காரன் பாடுற மாதிரி முழுக் குரல்ல பதில் சொல்லு. அவரு தூங்கி எந்திரிச்சு சாயங்காலம் ஆறு மணிக்கு டீ குடிப்பாரு. போன் பக்கத்துலயே இருக்கும்னு சொல்லியிருக்காரு.

மம்மி